ராசா எழுந்து நின்றார்

1956, தை மாதம், ஞாயிறு இரவு. எலப்புள்ளி.

இன்று ரங்கப்பனைத் திட்டிவிட்டேன். அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் எடுக்கும் பத்து நிமிடச் சரித்திரப் படத்துக்கு அவர்தான் ராசா. அவருடைய நெல் களத்திலேயே தர்பார் போட்டோம். என் மனைவியின் கல்யாணப் புடவையைப் போர்த்திய நாற்காலிதான் சிம்மாசனம். எதிரி நாட்டுத் தூதன் வேஷம் அவருடைய மருமகன் பழனிக்கு. தூதன் வந்து நிற்பான். ராசா உட்கார்ந்தபடியே முறைக்க வேண்டும். காட்சி அவ்வளவுதான்.

இரவல் காமிராவை ஓட்டினேன். பழனி வாளோடு வந்தான். ராசா சட்டென்று எழுந்து, தோளில் கிடந்த ஜரிகைத் துண்டைச் சரிசெய்துகொண்டு, "வாங்க மாப்ளே, உக்காருங்க" என்றார்.

பேசாத படம்தான், பேச்சு விழாது. எழுந்து நின்றது விழுந்துவிட்டதே! கையில் இருந்த கடைசிச் சுருள் அது.

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"பொண்ணக் கட்டிக் குடுத்த மாப்ளைங்க, வாத்தியாரே. வந்தா எப்படிங்க உக்காந்துட்டே இருக்கறது?" என்றார். அட்டைக் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பழனி தரையைப் பார்த்தான்.

மருமகன் முன்னால் அவரை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நான் கிளம்பும்போதுகூட, "ஊட்டுல ஒரு வாய் சாப்புட்டுப் போங்க" என்றார்.

அந்தக் காட்சி அப்படியே இருக்கட்டும். எதிரி வந்தாலும் எழுந்து நிற்கிறவர்தான் எங்கள் பக்கத்து ராசா.

காலையில் கிரீடத்தைத் திருப்பித் தர வருவார். வாசலில் அவர் தலை தெரிந்ததும் நான் எழுந்து நிற்க வேண்டும்.