ஒன்பதாம் பக்கத்து நடுப்புள்ளி

என் அருமை மக்குத் தம்பி குமரனுக்கு,

நல்லா எழுதி வைத்துவிட்டுப் போனாய் போ! செத்துப்போனவனைத் திட்டக் கூடாதாம். நம் புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

பூஜ்ஜியத்திலிருந்து ஒன்று வரை ஒரு கோடு. அதே கோட்டின் இரண்டு பிரதிகளை முனையோடு முனை ஒட்டினால் மறுபடி அதே கோடுதான். தசமமும் வேண்டாம், அளவுகோலும் வேண்டாம். ஒரு புள்ளி எந்தப் பாதியில் இருக்கிறது, அந்தப் பாதிக்குள் எந்தப் பாதியில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனால் போதும். நம் கேட்டகரி தியரிக் கணிதத்தை வைத்து எல்லாக் கணக்குச் செயலையும் இப்படியே வரையறுத்துவிடலாம் என்றுதானே நாம் இருவரும் சேர்ந்து அந்தப் புத்தகத்தை எழுதினோம்?

வகுப்பில் அதை நடத்தினேன். இரண்டு புள்ளிக்கு நடுப்புள்ளி எது? இரண்டும் இடப்பாதி என்றால் நடுவும் இடப்பாதி. முசரவாக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "மேடம், ஒண்ணு இந்தப் பக்கம், இன்னொண்ணு அந்தப் பக்கம்னா நடு எந்தப் பாதியில இருக்குது?"

கையெழுத்துப் பிரதியில் ஒன்பதாம் பக்கத்தைப் பார்த்தேன். 'எளிதில் காணலாம்' என்று எழுதியிருக்கிறாய். யாருக்கடா எளிது? "நாளைக்குச் சொல்றேன்மா" என்று சாக்பீஸை வைத்துவிட்டு வந்தேன். பதினோரு நாளாகிறது. தினமும் அவள் முகத்தைப் பார்க்காமல் வருகைப் பதிவு எடுக்கிறேன்.

இதில் உன் பெண்டாட்டி வனிதா வேறு. உன் முதல் தெவசத்துக்குள் புத்தகம் அச்சாக வேண்டுமாம். நடுப்புள்ளி இல்லையென்றால் அதற்குப் பிறகு வருகிற அத்தனை பக்கமும் வீண். உன் பெயர் போட்ட புத்தகத்தில் ஓட்டையை விட்டு எப்படி அனுப்புவது?

ஆத்திரம் உன் மேல் மட்டுமில்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் டிக் போட்டிருப்பது நான்தான். சின்ன வயதிலிருந்து நமக்குள் ஒரு விதி உண்டே, 'எப்படி?' என்று கேட்டவர் தோற்றவர். நாற்பது வயதுக்கு மேலும் அதைக் கட்டிக்கொண்டு அழுதோம். நீ எளிது என்றாய், நானும் ஆமாம் என்றேன். எனக்கு அப்போதும் புரியவில்லை.

நேற்று வனிதா பட்டுப் புடவைகளை வெளியே எடுத்துப் போட்டாள். "அண்ணி, அந்த முனையப் புடிங்க. மடிப்பு மாத்தலன்னா ஜரிகை அந்த எடத்துலயே உட்டுடும்." ஆளுக்கொரு முனை பிடித்து எதிரெதிரே நடந்தோம். என் முனை அவள் கைக்குப் போனது. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

கோட்டைப் பாதியாக மடிக்க வேண்டியதுதானே! வலப்பக்கப் புள்ளி மடித்தால் இடப்பக்கம் எங்கே விழுகிறது என்று பார். இடப்புள்ளி அதற்கு முன்னால் இருந்தால் நடு இடப்பாதியில், தாண்டியிருந்தால் வலப்பாதியில். சரியாக அதன் மேலேயே இருந்தால் நடுப்புள்ளி மடிப்பிலேயே. இந்த மடிப்பை முப்பத்தோராம் பக்கத்தில் பொழுதுபோக்காக வைத்திருக்கிறாய், அறிவுகெட்டவனே! அதை முதலில் சொல்லியிருக்க வேண்டாமா?

"என்னா அண்ணி, பொடவையப் புடிச்சிக்கினு நின்னுட்டீங்க?"

"உன் புருஷன் ஒரு முட்டாள்மா."

"அது எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தாள். "அவரும் இப்டிதான் அண்ணி. பாதி மடிப்புல உட்டுட்டு நோட்ட எடுத்துக்கினு உக்காந்துக்குவாரு." பிறகு அவள் சிரிக்கவில்லை. நானும்தான். புடவை தரையில் கிடந்தது.

எந்தப் பாதி என்பது தீர்ந்தது. அந்தப் பாதிக்குள் போனதும் அடுத்த ஜோடிப் புள்ளிகளை எப்படி எடுப்பது என்று இன்னும் இரண்டு பக்கம் எழுத வேண்டும். எழுதிவிடுவேன். மடிப்பு முன்னால் வரும், 'எளிதில்' என்ற சொல் புத்தகத்தில் ஓரிடத்திலும் இருக்காது. நாளை அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லிவிட்டு, 'நீ எழுந்து கேட்டது ரொம்ப நல்லதுமா' என்றும் சொல்வேன். இது உன் மேல் சத்தியம்.

ஆனால் அந்த இரண்டு பக்கம் உனக்குத் தெரிந்திருந்ததா, இல்லை நீயும் என்னைப் போலத்தான் தலையாட்டினாயா? எப்படிடா, குமரா?

கேட்டுவிட்டேன், பார்.

தோற்றுப்போன உன் அக்கா,
பரிமளா