கிடை கிடந்த மூலை

புரட்டாசி, சனிக்கிழமை, 1994.

மண் பரிசோதனை முடிவு போன வாரமே வந்துவிட்டது. மணிச்சத்து ஏராளம், உளுந்துக்கு அடியுரம் வேண்டாம் என்றிருந்தது. இன்றுதான் சாப்பிடும்போது மனைவி செல்லம்மாளிடம் பெருமையாகச் சொன்னேன்.

"மண்ண எங்கன அள்ளுனிய?"

"கிழக்கு மூலையில. அங்கன வெட்ட லேசா இருந்துச்சு."

"லேசாத்தான் இருக்கும். கோடையில ஆட்டுக்கிடை போட்டது அங்கனதான? அது மண்ணா? முச்சூடும் புழுக்கைல்லா!"

விழுந்து விழுந்து சிரித்தாள். மழை பெய்திருந்தால், அந்த ஒரு மூலை மண்ணின் முடிவை நம்பிப் புஞ்சை முழுக்க உரமில்லாமல் விதைத்திருப்பேன். பெய்யவில்லையே என்று வாரம் முழுக்க வானத்தைத் திட்டினேன். அந்த வானத்துக்கும், கேள்வி கேட்ட இவளுக்கும் ஒரு கும்பிடு.

நாளை இருவருமாகப் புஞ்சையைச் சுற்றிப் பல இடத்தில் மண் எடுக்கிறோம். முடிவு வரும்வரை பெய்யாதே மழையே. மழையை மட்டுமே நம்பி விதைக்கிற மானாவாரிக்காரன் வாயில் வருகிற வேண்டுதலா இது?