வேண்டாம் என்று நான் சொன்னது பட்டாவை அல்ல

அனுப்புநர்:
மு. மாதையன் (வயது 52),
த/பெ முனியன்,
நெல்லிப்பாறை குக்கிராமம்,
ஜவ்வாது மலை.

பெறுநர்:
உயர்திரு கோட்டாட்சியர் அவர்கள்.

பொருள்: வன உரிமைப் பட்டா – கல்லூரி மாணவியின் கேள்வித்தாளை வைத்து என் பெயர் நீக்கப்பட்டது – மீண்டும் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தந்தை காலம் முதல் ஒரு ஏக்கர் எண்பது சென்ட் நிலத்தில் சாமை விதைத்து வருகிறோம். வரப்பில் உள்ள பதினான்கு புளியமரங்களும் அவர் வைத்தவை. இந்நிலத்துக்கான வன உரிமைப் பட்டா பட்டியலில் என் பெயர் முப்பத்தொன்றாவதாக இருந்தது. இப்போது இல்லை.

2. கடந்த மார்ச் மாதம் கணியம்பாடியிலிருந்து சில்வியா என்ற கல்லூரி மாணவி வந்தார். ஒருவருடைய அரசியல் நம்பிக்கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்டறிய இருபது கேள்விகள் வைத்திருந்தார். எங்கள் மலையில் தாளும் பேனாவுமாக யார் வந்தாலும் ஏதோ திட்டத்துக்குப் பெயர் எடுக்கிறார்கள் என்றே நினைப்போம். பத்து ஆடு வைத்திருப்பவர் ஒன்றும் இல்லை என்பார். ஒழுகாத கூரை அன்றைக்கு ஒழுகும். என் மனைவி பாஞ்சாலையும் அப்படித்தான் சொன்னார். நான் மட்டும் மனதில் பட்டதைச் சொன்னேன்.

3. யார் யாரைக் கட்டிக்கொள்வது என்பதை அந்த இருவரே முடிவு செய்யட்டும், ஊர் வேண்டாம் என்றேன். நான் குடிப்பதில்லை, ஆனால் குடிப்பவன் தொண்டை அவனுடையது என்றேன். அரசு உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு, "ஒன்றும் வேண்டாம், தொந்தரவு செய்யாமல் விட்டால் போதும்" என்றேன். கூட்டிப் பார்த்த மாணவி, தனிமனித சுதந்திரத்தின் பக்கம் சாய்பவன் நான் என்றும், அதற்கு லிபர்டேரியன் என்று பெயர் என்றும் சொன்னார். என் பிடிவாதத்துக்கு ஒரு பெயர் இருப்பது தெரிந்து மகிழ்ந்தேன்.

4. தான் வந்து போனதற்குச் சான்றாக அம்மாணவி பதில்கள் எழுதிய தாள்களின் நகலை, பட்டா பட்டியல் எழுதும் எங்கள் ஊர்க் குழு எழுத்தரிடம் கொடுத்துச் சென்றார். அவரும் அதை அரசுக் கணக்கெடுப்பு என்றே எண்ணி, ஒன்றும் வேண்டாம் என்றவனுக்குப் பட்டா எதற்கு என்று என் பெயரை அடித்துவிட்டார். நேரில் போய்க் கேட்டபோது, "நீயே வேணாம்னு சொல்லிட்டு இப்ப இன்னாத்துக்கு வந்து நிக்கிற?" என்றார். லிபர்டேரியன் என்பது எந்தக் கட்சி, என்ன கொடி என்றும் விசாரித்தார்.

5. ஐயா, நான் முழுக்க அப்படிப்பட்டவன்தானா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். ரேஷன் அரிசி வாங்குகிறேன். போன மழையில் பாஞ்சாலையைப் பாம்பு தீண்டியபோது 108 வண்டிக்கு நான்தான் போன் செய்தேன். அன்று தொந்தரவு வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வண்டி வந்திராவிட்டால் இந்த மனுவுக்கே வேலையில்லை. ஆகவே சாய்மானம் உண்டு, அவ்வளவுதான்.

6. ஆனால் பட்டாவை நான் உதவியாக நினைக்கவில்லை. என் நிலத்திலிருந்து என்னை யாரும் கிளப்ப மாட்டார்கள் என்ற எழுத்து அது. தொந்தரவு வேண்டாம் என்பவனுக்குத்தான் அது முதலில் வேண்டும். இம்மாத இறுதியில் பட்டியல் மேலே போகிறது. அதில் பெயர் இல்லையென்றால், அளக்க வருபவர்கள் எங்கள் புளியமரங்களுக்கு இந்தப் பக்கம் காட்டு எல்லைக் கல் நடுவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. "உன் கொள்கைய வெச்சி சாம வெதைக்க முடியுமா?" என்று கேட்ட பாஞ்சாலை, பதினொரு நாளாக என்னிடம் பேசுவதில்லை.

7. எனவே, அந்தத் தாள் அரசுக் கணக்கெடுப்பு அல்ல என்பதை விசாரித்து அறிந்து, என் பெயரை மீண்டும் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பட்டா கைக்கு வந்த பிறகு தாங்கள் என்னை மறந்துவிடலாம். அதையும் ஒரு வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

இடம்: நெல்லிப்பாறை
நாள்: 14.07.2025

இப்படிக்கு,
மு. மாதையன்

குறிப்பு: பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் வருவதால் என் மனைவியும் கையெழுத்திட வேண்டும். கையெழுத்துக்கு மேலே இரண்டு வரி எழுதிக்கொள்வேன் என்றார். என் கொள்கைப்படி தடுக்க முடியவில்லை.

ஐயா, மறந்துவிடலாம் என்பது அவர் சொன்னது. எங்களை மறக்க வேண்டாம். பட்டாவும் வேண்டும், ஊர் வரைக்கும் ரோடும் வேண்டும். பாம்பு கடித்த அன்றைக்கு என்னை வண்டி வரைக்கும் இரண்டு மைல் முதுகில் சுமந்தவர் இவர்தான்.
மா. பாஞ்சாலை