நாற்பத்தேழாம் எண் பெருமாள்

நவம்பர் 24, திங்கள்

கல்லூரி ஜியாலஜி ஆய்வகத்திலிருந்து அம்மோனைட் கிடைத்துவிட்டது. ஜெகபர் அலி சார் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். சுருள் ஓட்டோடு கல்லாகிப்போன ஒரு கடல் பிராணி, உள்ளங்கை அளவு. காரை கிராமத்தில் எடுத்தது. இன்று ஆடு மேயும் அந்தப் பொட்டலில் பத்துக் கோடி வருடத்துக்கு முன் கடல் இருந்தது. கல்லின் அடியில் பெயின்டில் 47 என்று எண். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். “ஜனவரி பன்னெண்டுக்குள்ள கொண்டாந்துடுங்க மேடம், தணிக்கை இருக்கு” என்றார். என் ஒன்பதாம் வகுப்புக் கண்காட்சி ஜனவரி ஒன்பது. தாராளம்.

வீட்டில் எங்கே வைப்பது? போன வருடம் பச்சைமலையிலிருந்து நான் சுமந்துவந்த பாறைத் துண்டை, வேலைக்கு வரும் இருசம்மாள் “வெறும் கல்லு கெடந்துச்சும்மா” என்று தெருவில் வீசிவிட்டாள். அவள் கை வைக்காத ஒரே இடம் பூஜை அலமாரி. அங்கேயே வைத்தேன். நான் புத்திசாலி.

நவம்பர் 25, செவ்வாய்

நான் புத்திசாலி இல்லை.

விடிகாலையில் அவர் போட்ட சத்தத்தில் பாலைக் கொட்டிவிட்டேன். “கோதை, ஓடி வா! பெருமாள் எழுந்தருளியிருக்கார்!” அலமாரி முன் என் கணவர் லக்ஷ்மணன், இருபது வருட வங்கி அதிகாரி, கண்ணில் நீரோடு நிற்கிறார். கையில் அம்மோனைட். சாளக்கிராமமாம்.

சொல்லத்தான் வாயெடுத்தேன். மூன்று வருடம் முன் அவருடைய அண்ணா, இந்த வீட்டுச் சாளக்கிராமங்களை எல்லாம் சென்னைக்குக் கொண்டுபோனார். மூத்தவருக்குத்தான் பாத்தியதை என்று இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து தினமும் அவை இருந்த வெறும் வட்டிலைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்து “அது காரைக் கல்” என்று எப்படிச் சொல்வது?

நாளைக்குச் சொல்கிறேன்.

நவம்பர் 26, புதன்

சொல்லவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

சாளக்கிராமம் இருக்கும் வீட்டில் தினமும் தளிகை சமர்ப்பிக்காமல் யாரும் வாயில் போடக் கூடாதாம். எனக்கு எட்டரைக்கு ஸ்கூல். ஐந்து மணிக்கே சாதம் வடிக்கிறேன் — யாருக்கு? வெங்காயம்கூட நுழையாத சமையலறையில், கணவாய் மீனின் தூரத்துச் சொந்தத்துக்கு!

டிசம்பர் 5, வெள்ளி

பித்தளைப் பாத்திரங்களோடு அதையும் புளித்தண்ணீரில் ஊறவைத்துவிட்டார். மெல்ல நுரைத்தது. “பாத்தியா, என்ன சாந்நித்யம்!” என்றார். எதிர்வீட்டு பானு மாமி வந்து சேவித்துவிட்டுப் போனார்.

சாந்நித்யம் இல்லை, சுண்ணாம்பு. அமிலம் பட்டால் கரைகிறது. மழைத்தண்ணீர் பல்லாயிரம் வருடம் எடுத்துக்கொண்டு மலைக்குச் செய்வதை இவர் ஒரு வெள்ளிக்கிழமையில் செய்கிறார். பாறைச் சிதைவு பாடத்தை நான் நடத்தவே வேண்டாம், வகுப்பை வீட்டுக்குக் கூட்டிவந்தால் போதும்.

அவர் நகர்ந்ததும் சமையலறைத் தராசில் வைத்தேன். 412 கிராம். 47-இல் 4 பாதி அழிந்திருக்கிறது.

டிசம்பர் 12, வெள்ளி

மறுபடி புளி. 409 கிராம். 4 போயே போய்விட்டது.

டிசம்பர் 19, வெள்ளி

405. எண்ணே இல்லை. “புளி வேண்டாமே, பெருமாளுக்கு எரியாதா?” என்று கேட்டுப் பார்த்தேன். “அதுவும் சரிதான். இனிமே தயிர்” என்றார்.

தயிரும் அமிலம்தான், ரங்கா!

டிசம்பர் 23, செவ்வாய்

வகுப்பில் தேவதர்ஷினி கேட்டாள்: “மிஸ், சாளக்கிராமமும் இந்த அம்மோனைட்தானாமே?”

ஆமாம். கண்டகி நதியில் கிடைப்பவையும் இதே பிராணியின் படிவங்கள்தான். இமயம் எழும்புவதற்கு முன் அங்கேயும் கடல். அப்படியானால் அவர் செய்வதில் என்ன தப்பு? காரைக்கும் கண்டகிக்கும் என்ன வித்தியாசம்?

பதிவேடு. கண்டகிக்கு நான் கையெழுத்துப் போடவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

கண்காட்சியில் அம்மோனைட் இல்லை, அதன் புகைப்படம்தான். “நிஜக் கல்லு எங்க மிஸ்?” என்று பிள்ளைகள் முகம் வாடிப்போயிற்று. ஏதோ சொல்லி மழுப்பினேன். எதையும் நிரூபித்துக் காட்டச் சொல்லும் டீச்சர் நான். வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 11, ஞாயிறு

சொல்லிவிட்டேன். காரை, கையெழுத்து, நாளைக்குக் கெடு, இன்றைய எடை 402 — எல்லாவற்றையும். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“மொத நாள் சாயங்காலமே அடியில நம்பரைப் பாத்துட்டேன். பெருமாளுக்கு யாரு நம்பர் போடுவா?”

“அப்பறம் எதுக்குப் புளில போட்டேள்?”

“நம்பர் போறதுக்குத்தான்.”

நாற்பத்தெட்டு நாள்! ஒரு மண்டலம் ஐந்து மணிக்கு எழுந்து சாதம் வடித்திருக்கிறேன்! தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

“நீ எப்போ சொல்லிடுவியோன்னு தினம் பயந்துண்டே இருந்தேன், கோதை. சொல்லிட்டா திருப்பிக் குடுக்கணுமே.”



ஜனவரி 12, திங்கள்

இருவரும் போனோம். அதே துணியில் சுற்றி அவரே ஏந்திவந்தார், அவரே எல்லாவற்றையும் சொன்னார். ஜெகபர் அலி சார் லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். நான் டைரியில் எடை குறித்த பக்கங்களை மட்டும் நீட்டினேன்.

“வாராவாரம் எடை எடுத்திருக்கீங்களே! எங்க பசங்க ஒருத்தனும் இப்படிச் செஞ்சதில்லைங்க மேடம்.” பதிவேட்டில் 47-க்கு எதிரே எழுதினார்: ‘பத்து கிராம் குறைவு. காரணம் புளி, தயிர்.’ புதிதாக எண் போட்டார். துணியில் ஒட்டியிருந்த துளசி இலையை எடுத்து என் கணவர் கையில் கொடுத்தார். “அங்க நெறைய கெடக்குங்க. ஒருதரம் போய்ப் பாத்துட்டு வாங்க” என்றார்.

ஜனவரி 18, ஞாயிறு

காரைக்குப் போனோம். ‘வெயில்ல கல்லு பாக்கவா’ என்று இருபது வருடம் வர மறுத்தவர், செருப்பைக் காரிலேயே கழற்றிவிட்டார். கால் சுட்டுத் துள்ளித் துள்ளித்தான் நடந்தார், ஆனாலும் போடவில்லை. மழை அரித்த பள்ளமெல்லாம் சின்னச் சின்னச் சுருள்கள். எதையும் எடுக்கக் கூடாது என்றேன்.

“தெரியும். எல்லாரும் இங்கேயே எழுந்தருளியிருக்கட்டும்.”

சாப்பாட்டுப் பையைத் திறந்தார். புளியோதரை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் வைத்துவிட்டு அங்கிருந்தே கும்பிட்டார். “புளியாச்சே, கிட்ட வேண்டாம்.”

காலை ஐந்து மணிக்கு எழுந்து செய்தது. இன்று யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை.