விஷத்துக்குத் துணை

வியாழன், இரவு. போச்சம்பள்ளி ஆஸ்பத்திரி.

காலையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்ததும், என் வீட்டுக்காரர் ஷூவைத் தட்டிப் பார்க்காமலே காலை நுழைத்துவிட்டார். உள்ளே செந்தேள்.

"நம்ம ஒடம்பே விஷத்த முறிச்சுடாதுங்களா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"நம்ம என்சைம் அத வெட்டத்தான் பாக்கும். அந்த என்சைமோட கையக் கட்டிப்போடற பொருளும் விஷத்துலயே இருக்குதும்மா. மருந்து குடுத்திருக்கோம். அது வேல செஞ்சா ஜில்லுன்னு இருக்கற பாதம் சூடாவும், பாத்துட்டே இருங்க."

விஷத்தைக்கூடத் தனியாக அனுப்பவில்லை அந்தத் தேள். இவருக்குத் துணை நான் மட்டும்.

கண் சொருகியது. இவர் ரத்தத்துக்குள் ஓர் இருட்டுத் தெரு. கட்டிய கைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே நடந்தேன். விழித்தபோது இவர் பாதம் என் இடது கைக்குள் வெதுவெதுப்பாக இருந்தது. இவர் சூடா, என் சூடா? கையை எடுத்தால் தெரிந்துவிடும். எடுக்கத்தான் மனம் வரவில்லை.