நான் ஊற்றிய தண்ணீர்

6 ஜூலை 1943, லாபு ரப்பர் தோட்டம்
வருஷத்தை அவர்கள் கணக்குப்படி 2603 என்று எழுத வேண்டுமாம், ஜப்பான்காரன் கட்டளை. என் நோட்டில் அது நடக்காது. இன்றும் மரவள்ளிக்கிழங்குதான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்தில்லை. பிரசவம் பார்க்கும் ஆயா நான் மட்டும் மிச்சம்.

அடுத்த வீட்டு பெட்ரிசியாவுக்கு மாதம் நெருங்கிவிட்டது. புருஷன் ஆம்புரோஸைச் சயாம் ரயில் வேலைக்கு லாரியில் ஏற்றிப் போய் மூன்று மாதம். அவர்கள் மாதாகோயில் கத்தோலிக்கர், நான் மெதடிஸ்ட் சபை. ஏழு வருடமாக நடுவில் ஒரே பலகைச் சுவர். பலகாரம் கொடுத்து வாங்குவோம், சேர்ந்து ஜெபித்ததில்லை. அவள் மெழுகுவத்தி ஏற்றினால் நான் உதட்டைச் சுழிப்பேன். பொய் எழுதுவானேன்.

19 ஜூலை
விடியலில் வேலைக்கு ஆள் கூட்டும் பிரட்டு மணி அடிக்கும்போது பெட்ரிசியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அழவில்லை. நீலம் பாரித்திருந்தது. தட்டினேன், வாயில் ஊதினேன். பெட்ரிசியா என் கையைப் பிடித்தாள். "ஞானஸ்நானம் இல்லாம போயிரக் கூடாதுக்கா. சாமியாருக்கு எங்க போறது? ஆபத்துக்கு யாரும் குடுக்கலாம். நீங்க குடுங்க."

நானா? ரப்பர்பால் கோப்பையைக் கழுவித் தண்ணீர் மொண்டேன். பேர் பெட்ரிசியா சொன்னாள். "பிலோமினா, உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று மூன்று தடவை தலையில் ஊற்றினேன். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. எனக்குத் தெரிந்தது எங்கள் சபை வார்த்தைதான்.

பிலோமினா வீறிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

2 ஆகஸ்ட்
பிள்ளை தேறுகிறது. ஆனால் பெட்ரிசியாவின் மாமியார் அன்னம்மாள் சொல்கிறாள்: "மெதடிஸ்ட்காரி ஊத்துன தண்ணி செல்லாது. சாமியார் வந்து மறுபடி குடுக்கட்டும்."

செல்லாதா? அப்படியானால் அன்று நான் யாரைக் கூப்பிட்டேன்? கோபமா, பயமா? பிள்ளை அன்றே போயிருந்தால் —

பெட்ரிசியா வாயே திறக்கவில்லை. அதுதான் வலிக்கிறது.

3 ஆகஸ்ட்
பெட்ரிசியா வீட்டுப் பக்கம் போகவில்லை.

14 நவம்பர்
செரம்பானிலிருந்து சாமியார் சைக்கிளில் வந்து என்னைக் கூப்பிட்டனுப்பினார். மாதாகோயிலுக்குள் முதல் தடவை. கால் கூசியது.

"தண்ணி தலையில பட்டுதா? என்ன சொன்னீங்க? என்ன நெனச்சுக் குடுத்தீங்க?"

"பிள்ளை ஆண்டவருக்குச் சொந்தமாகட்டும்னு."

அவர் அன்னம்மாள் பக்கம் திரும்பினார். "ஞானஸ்நானம் ஆயிருச்சும்மா. அது ஒண்ணுதான், ரெண்டாவது கெடையாது." விடுபட்ட சடங்குக்காகப் பிள்ளைக்கு எண்ணெய் மட்டும் பூசினார்.

பெட்ரிசியாதான் கேட்டாள்: "குடுத்தவங்க பேர ஞானஸ்நானப் புத்தகத்துல எழுதுவீங்களா சாமி?"

எழுதினார். டோரின், மெதடிஸ்ட் சபை. அன்னம்மாள் எட்டிப் பார்த்தாள். பிறகு பிள்ளையை என் மடியில் வைத்தாள்.

25 டிசம்பர்
சயாமிலிருந்து சேதி இல்லை. தினம் சாயங்காலம் அவர்கள் வீட்டில் ஆம்புரோஸுக்காக ஜெபம். ஜெபமாலை முடியும்வரை நான் பேசாமல் இருப்பேன். நான் பைபிளில் சங்கீதம் வாசிக்கும்போது அவர்களும் அப்படியே. ஆண்டவர் கற்பித்த ஜெபத்தில் மட்டும் எல்லோரும் சேர்ந்துகொள்வோம். இரண்டு சபை வார்த்தைகளும் ஒன்றோடொன்று இடிக்கும், பரவாயில்லை.

இன்று மரவள்ளி மாவில் பலகாரம் சுட்டு நேரமாகிவிட்டது. இதை எழுதும்போதே அன்னம்மாள் சுவரைத் தட்டுகிறாள்.

"டோரினு, நீ வராம எப்படி ஆரம்பிக்கிறது? வா லா."