பார்வை நூல்களில் ஐந்து இணையதளங்கள்

24.11.2003, திங்கள்

சுற்றுச்சூழல் வேதியியலுக்குப் பார்வை நூல்கள் பட்டியலைத் திருத்தினேன். நூலகத்தில் இருப்பதெல்லாம் நான் படித்த காலத்துப் புத்தகங்கள். தோல் பதனிடும் ஷாப் கழிவுநீரைப் பற்றி அரைப் பக்கம் தேறாது. கூடவே ஐந்து இணையதளங்களைச் சேர்த்தேன். பார்த்து எழுதினால்தான் அசைன்மென்ட் மதிப்பெண்.

துறைத் தலைவர் ஞானசீலன் சார் தயங்கினார். "காலேஜ்ல நெட் ஆபீஸ்ல மட்டும்தான் இருக்கு. பிள்ளைங்க எங்கம்மா போய்ப் பாக்கும்?"

"ஆம்பூர்ல தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் இருக்கே சார்" என்றேன். கையெழுத்துப் போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

8.12.2003

மூன்றாம் ஆண்டு சௌமியாவின் அசைன்மென்ட் படித்தேன். அப்படி ஒரு தெளிவு. எம்.எஸ்ஸி. கட்டாயம் சேர வேண்டும் என்றேன். "இன்னும் மூணு சைட் பாக்கி மேடம், சனிக்கிழமை பாத்துடறேன்" என்றாள்.

15.12.2003

சௌமியா வரவில்லை.

18.12.2003

அவள் தோழி சொல்லித்தான் தெரிந்தது. சனிக்கிழமை பிரவுசிங் சென்டரிலிருந்து வெளியே வந்தவளைச் சித்தப்பா பார்த்திருக்கிறார். பின்னாலேயே எவனோ ஒரு பையனும் வந்திருக்கிறான். போதாதா?

சாயங்காலம் அந்தக் கடைக்குப் போனேன். பிளைவுட் தடுப்பு, திரை, உள்பக்கம் கொக்கி. வீட்டிலேயே நெட் வைத்திருக்கிறவள் இதையெல்லாம் எங்கே பார்த்தேன்? சே, பட்டியல் போடும் முன் ஒரு எட்டு வந்து பார்த்திருக்கக் கூடாதா? பெரிய கெட்டிக்காரி நான்.

5.1.2004

சௌமியாவின் அப்பா வேதாசலம் டி.சி. வாங்க வந்தார். ஷூ கம்பெனியில் அரை நாள் லீவு போட்டு வந்திருக்கிறார். ஒரு செமஸ்டர்தானே பாக்கி என்று கெஞ்சினேன். அவர் சத்தமே போடவில்லை.

"நீங்க சொல்லித்தான் பொண்ணு அங்க போச்சுன்னு எனக்குத் தெரியும், டீச்சரம்மா. நான் நம்பறேன். ஊர்ல நம்பணுமே."

ஞானசீலன் சார் அவரை ஆபீஸ் வரை கூட்டிப் போய் டி.சி. வாங்கிக் கொடுத்தார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

16.2.2004

கல்யாணம் முடிந்ததாம். நெமிலியில் கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் பத்திரிகை வரவில்லை. எந்த முகத்தோடு போவேன்?

20.8.2004

துறை போனுக்கு சௌமியா கூப்பிட்டாள். அவள் வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டையில் கெமிக்கல் கம்பெனி ஆபீஸில் வேலை. பாக்கி இருந்த மூன்று தளங்களையும் அங்கே பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னாளாம்.

மறுபடி சேர்ந்து பரீட்சை எழுதுகிறாயா, நான் வந்து பேசட்டுமா என்றேன்.

"அதுல ரெண்டு சைட் இப்ப தொறக்கவே மாட்டேங்குதாம் மேடம். லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுங்க. இந்த வருஷப் பிள்ளைங்க அதுக்காக அலையப் போறாங்க."